சுருள்வழியும் அகநோக்கும்

ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர் அப்பொருளின் இயல்பை விளக்குதலும் உண்டு, மறைத்தலும் உண்டு. மேலைநாட்டார் 'லாபிரிந்து' என வழங்கும் தரை வடிவத்திற்குத் தமிழில் 'புதிர்ப்பாதை', 'சிக்கல்வழி' முதலாய பெயர்கள் எழுதப்பட்டு வருகின்றன. இவையெல்லாம் வழி தவறித் திகைத்தலையே முதன்மையாகக் கொண்டு எழுந்த பெயர்கள். ஆயின், இந்நாளில் மருத்துவமனை முற்றங்களிலும் பல்கலைக்கழகத் தோட்டங்களிலும் கிறித்தவக் கோயில்களின் தளங்களிலும் மன அமைதியின் பொருட்டு மக்கள் நடந்துவரும் லாபிரிந்தில் வழி தவறுதல் என்பது இல்லை. அதனுள் அமைந்த வழி ஒன்றே. அவ்வழி எத்துணை வளைந்து திரும்பினும், நடப்பவரைத் தவறாது நடுவிடத்திற் கொண்டு சேர்க்கும். புதிரே இல்லாத ஒன்றைப் புதிர் எனப் பெயரிட்டமையால், அதன் பயன் யாது என்னும் வினாவும் நம்மிடையே தெளிவுபெறாது நிற்கிறது.

இவ்வடிவத்தின் இயல்பு யாது, பண்டையோர் அதனை எவ்வாறு பயன்படுத்தினர், இற்றை நாளில் அஃது அகநோக்கிற்கும் உளநலத்திற்கும் உரிய கருவியானது எவ்வாறு, அப்பயனுக்குரிய சான்று எத்துணைத்து என்பவற்றை முறையே ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வமைப்பின் பயன் அதன் வடிவத்திலிருந்து பிறப்பதேயன்றிப் பிற்காலத்தார் அதன்மேல் ஏற்றிக் கூறும் பழமையிலிருந்து பிறப்பதன்று என்பதே ஈண்டு நிறுவப் புகும் கருத்து.

1. பெயரும் பொருளும்

வளைந்து செல்லும் வழியமைப்புகள் இருவகைப்படும். ஒன்று, கிளைகள் பலவாய்ப் பிரிந்து, அவற்றுட் சில முட்டி நிற்க, ஒன்றே வெளியேற்றும் அமைப்பு. இலண்டனை அடுத்த ஆம்ப்டன் கோர்ட்டு அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் வேலிச்செடிகளால் அமைக்கப்பட்டது இவ்வகையினது. இதனுட் புகுவோர் ஒவ்வொரு பிரிவிலும் இடமோ வலமோ என்று முடிவு செய்தல் வேண்டும். தவறின் மீளல் வேண்டும். இதனைப் 'புதிர்வழி' என்றல் பொருந்தும்.

மற்றொன்று, கிளையே இல்லாத ஒற்றை வழி. வாயிலிற் புகுந்தவர் அவ்வழியே சென்றால் நடுவிடத்தை அடைவர். அவ்வழியே மீண்டால் வாயிலை அடைவர். இடையே முடிவு செய்தற்குரியது யாதுமில்லை. இதற்குச் 'சுருள்வழி' என்னும் பெயரை இக்கட்டுரை மேற்கொள்கிறது. ஆங்கிலத்திலும் இவ்விரண்டற்கும் உரிய சொற்கள் நெடுங்காலம் தம்முள் மயங்கியே வழங்கின. ஒற்றை வழிக்கு ஒரு சொல், கிளை வழிக்கு மற்றொரு சொல் என வரையறுத்துக் கொள்ளுதல், இவ்வடிவத்தை அகநோக்கிற்குப் பயன்படுத்துவோரிடையே அண்மைக் காலத்தில் வலுப்பெற்ற வழக்காகும். ஆராய்ச்சியின் தெளிவுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. புதிர்வழி அறிவுக்குச் சோதனை. சுருள்வழி அறிவுக்கு ஓய்வு. ஒன்றன் இயல்பை மற்றொன்றன்மேல் ஏற்றின் இரண்டும் விளங்கா.

2. வடிவத்தின் இயல்பு

சுருள்வழிகளுள் மிகத் தொன்மையானது ஏழு சுற்றுடையது. கிரீட்டுத் தீவின் பழங்காசுகளிற் காணப்படுதலின் இதனைக் கிரீட்டு வடிவம் என்பர். இதனை வரையும் முறை எளிது. முதலில் ஒரு கூட்டற்குறி இடுக. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு மடக்குக்கோடும், அவற்றிற்கு அப்பால் நான்கு புள்ளிகளும் இடுக. கூட்டற்குறிக்கு நான்கு முனைகளும், மடக்குக்கோடுகளுக்கு எட்டு முனைகளும், புள்ளிகள் நான்குமாகப் பதினாறு முனைகள் ஆகும். கூட்டற்குறியின் உச்சியை வலப்பக்கத்து முதல் முனையோடு ஒரு வில்லால் இணைத்து, பின்னர் இடப்பக்கத்து அடுத்த முனையை வலப்பக்கத்து அடுத்த முனையோடு இணைத்து, இவ்வாறே தொடர்ந்து செல்லின் எட்டு விற்கள் அமையும். அவ்விற்களுக்கு இடைப்பட்ட வெளியே ஏழு சுற்றாகிய வழி. சுவடியோ அளவுகோலோ இன்றி, மணலில் விரலாலேயே இதனை வரைந்துவிடலாம். எழுத்தறியா மக்களிடையேயும் இவ்வடிவம் நெடுந்தொலைவு பரவியமைக்கு இவ்வெளிமை ஒரு காரணமாதல் கூடும்.

இவ்வழி செல்லும் முறை கருதத்தக்கது. சுற்றுகளை வெளியிலிருந்து உள்நோக்கி எண்ணினால், வாயிலிற் புகுந்தவர் முதலிற் செல்வது மூன்றாம் சுற்றில். பின்னர் இரண்டு, ஒன்று என அவர் வெளிநோக்கி விலகுகிறார். அதன்பின் நான்காம் சுற்றும், அதனையடுத்து ஏழாம் சுற்றும் வருகின்றன. ஏழாம் சுற்று நடுவிடத்தை ஒட்டியது. கை நீட்டினால் எட்டும் அணிமையில் நடுவிடம் தோன்றும். ஆயினும் வழி அங்கே புகாது, ஆறு, ஐந்து என மீண்டும் விலகிச் சென்று, அவ்வைந்தாம் சுற்றிலிருந்தே நடுவிடத்தை அடைகிறது. 3, 2, 1, 4, 7, 6, 5 என்னும் இவ்வொழுங்கில், நெருங்கும்போது வழி நெடிது. விலகியபோது முடிவு அணித்து.

பிரான்சு நாட்டுச் சார்த்தர் நகரப் பேராலயத்தின் தளத்தில் உள்ள சுருள்வழி இதனினும் விரிந்தது. 1194-இல் நேர்ந்த தீயின்பின் ஆலயம் புதிதாக எழுப்பப்பட்டபோது, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கல்லாற் பதிக்கப்பட்டது. பதினொரு சுற்றும், நாற்பகுதியாகப் பிரிந்து மடங்கும் வழியும், நடுவே ஆறிதழ் மலர் போன்ற வெளியும் உடையது. இதன் குறுக்களவு ஏறத்தாழ 12.9 மீட்டர், வழியின் நீளமோ ஏறத்தாழ 261 மீட்டர். சென்று மீள்வோர் பதின்மூன்று மீட்டர் அகலமுள்ள வட்டத்துள்ளேயே அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தவராவர். இங்கும் வழி தொடக்கத்திலேயே நடுவிடத்தை ஒட்டிச் சென்று விலகுகிறது; முடிவு நெருங்கும் வேளையில் வெளிச்சுற்றிற்குக் கொண்டு சென்று, அங்கிருந்து விரைவில் நடுவிடத்திற் சேர்க்கிறது. கிரீட்டு வடிவத்திற்கும் சார்த்தர் வடிவத்திற்கும் காலத்தால் நெடிய இடைவெளி உண்டாயினும், அணிமையும் சேய்மையும் மாறி மயக்கும் இவ்வியல்பு இரண்டற்கும் பொதுவாதல் காண்க.

3. பழஞ்சான்றுகளும் ஒரு முரண்பாடும்

சுருள்வழி வடிவத்திற்குக் காலம் உறுதியாகக் கூறத்தக்க மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று கிரேக்க நாட்டுப் பைலோசு அரண்மனையிற் கிடைத்த களிமண் பலகையாகும். சுமார் கி.மு. 1200-இல் அவ்வரண்மனை தீக்கிரையானபோது பச்சைக் களிமண்ணாயிருந்த பலகைகள் சுடப்பட்டு நிலைத்தன. ஒரு பலகையின் முகப்பிற் கால்நடைக் கணக்கும், மறுபுறத்தில் எழுத்தர் ஒருவர் கீறிய சதுரச் சுருள்வழியும் உள்ளன. கிரீட்டுத் தீவின் நொசோசு அரண்மனையிற் கிடைத்த மற்றொரு பலகை, 'லாபிரிந்தின் தலைவி'க்கு ஒரு சாடித் தேன் படைக்கப்பட்டதனைக் குறிக்கிறது. 1952-இல் மைக்கேல் வெண்ட்ரிசு அவ்வெழுத்தின் மருமத்தை வெளிப்படுத்திய பின்னரே இச்செய்தி உலகிற்குப் புலனாயிற்று. பைலோசுப் பலகை வடிவத்தைத் தருகிறது. நொசோசுப் பலகை பெயரைத் தருகிறது. பிற்கால நொசோசுக் காசுகளிலும் அவ்வடிவம் தோன்றுகிறது.

இனி, கிரேக்கத் தொல்கதையை நோக்குவோம். தைதலசு என்னும் தச்சன் அமைத்த லாபிரிந்தில் மினோதார் என்னும் எருதுத்தலை மாந்தன் அடைக்கப்பட்டிருந்தான் என்றும், தீசியசு அவனைக் கொன்று, அரியாத்னே அளித்த நூலைப் பற்றிக்கொண்டு வெளியேறினான் என்றும் அக்கதை கூறும். ஈண்டு ஒரு முரண்பாடு எழுகிறது. நூல் வேண்டுவது கிளைவழிக்கு. ஒற்றை வழிக்கு நூல் எற்றுக்கு? கதை கூறுவது புதிர்வழி. காசு காட்டுவது சுருள்வழி. பெனெலோப் ரீடு தூபு 1990-இல் வெளியிட்ட நூலில் இம்முரண்பாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். உள்ளே நடப்பவனுக்குக் குழப்பமாகவும், மேலிருந்து காண்பவனுக்கு ஒழுங்காகவும் தோன்றுதலே லாபிரிந்தின் இரட்டை இயல்பு என்பது அவர் ஆராய்ச்சியாற் பெறப்படும்.

இம்முரண்பாடு கிரேக்கர்க்கே உரியதன்று. பாரதக் கதையிற் சக்கர வியூகத்துட் புகும் முறையறிந்த அபிமன்யு வெளியேறும் முறையறியாது மாண்டான் என்பது யாவரும் அறிந்தது. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அளேபீடு ஓய்சளேசுவரர் கோயிற் சிற்பத்தில் அவ்வியூகம் சுருண்டு செல்லும் வழியாகச் செதுக்கப்பட்டுள்ளது. மீளும் வழி அறியாமையே உயிராகிய கதைக்கு, புகுந்த வழியே மீளும் வழியாகிய வடிவம் ஓவியமாயிற்று. இருநாட்டிலும் சொல்லும் வடிவும் இவ்வாறு பிணங்குதலின், வடிவம் கதைக்கென்று பிறந்ததன்று, கதை பின்னர் வடிவத்தின்மேல் ஏறியது என்று கருதுதற்கு இடமுண்டு.

அங்ஙனமாயின் வடிவம் எதன்பொருட்டுப் பிறந்தது? கூத்தின்பொருட்டு என்பார் ஒரு சாரார். நொசோசில் அரியாத்னேக்குத் தைதலசு ஆடுகளம் அமைத்தமையை ஓமர் இலியத்தின் பதினெட்டாம் பகுதியிற் குறிக்கிறார். தீசியசு மீண்டு வரும் வழியில் தெலோசுத் தீவில் லாபிரிந்தின் வளைவுகளைப் பின்பற்றிக் கூட்டாடல் நிகழ்த்தினான் என்று புளூட்டார்க்கு எழுதியுள்ளார். எர்மன் கேர்ன் 1981-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு நூலும் ஆடற்கொள்கையையே வலியுறுத்துகிறது. இக்கொள்கை ஐயமற நிறுவப்பட்டதன்றாயினும், சுருள்வழி காண்பதற்கன்றிக் காலால் உணர்தற்கே உரியது என்னும் கருத்திற்கு இஃது அரணாகிறது.

4. ஒரு வடிவம், பல பொருள்

வடிவம் மாறாது நிற்க, அதற்கு மக்கள் கொண்ட பொருள் இடந்தோறும் காலந்தோறும் வேறுபட்டது. உரோமர் தம் மனைகளின் தரையில் வண்ணக்கல்லாற் பதித்த சுருள்வழிகள் பல, நடந்து செல்ல இயலாத அளவினவாய்க் கண்ணுக்கு அணியாக விளங்கின. பால்டிக்கு கடலோரங்களிற் கல் அடுக்கி அமைத்தவை நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுட் பல மீனவர் குடியிருப்புகளைச் சார்ந்து கிடக்கின்றன. இங்கிலாந்தில் புல்தரையை வெட்டி அமைத்த சுருள்வழிகளுட் சில இன்றும் நிலவுகின்றன. சாபிரன் வால்டன் என்னும் ஊரில் உள்ளது அவற்றுட் பெரியது.

பிரான்சு நாட்டு ஓசேர் நகர ஆலயத்தில் நிகழ்ந்த வழக்கம் தனித்துக் குறிக்கத்தக்கது. அங்கே உயிர்த்தெழு திருநாளன்று குருமார் கைகோத்துச் சுருள்வழியின்மேல் ஆடினர். தலைமைக் குரு ஒரு பந்தினை அவரிடையே எறிந்து வாங்கினார். இவ்வழக்கம் 1396ஆம் ஆண்டுச் சான்றிற் காணப்படுகிறது. 1538-இல் தடை செய்யப்பட்டது. சாவினை வென்று மீண்ட இயேசுவை, லாபிரிந்திலிருந்து மீண்ட தீசியசோடு ஒப்பிட்ட கருத்தே இவ்வாடலின் உட்பொருள் எனக் கிரெய்கு ரைட்டு 2001-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். அமியான் ஆலயத்தில் 1288-இல் பதிக்கப்பட்ட சுருள்வழியின் நடுக்கல்லோ ஆலயத்தைக் கட்டுவித்த ஆயரையும் கட்டிய தலைமைச் சிற்பிகளையும் பொறித்து வைத்தது. அங்கே அது தைதலசின் வழித்தோன்றலாகிய சிற்பியர்க்கு எடுத்த நினைவுச் சின்னமாயிற்று.

தமிழகத்தும் இவ்வடிவம் அறியப்படாததன்று. 'ஏழு சுற்றுக் கோட்டை' என்னும் பெயரால் இது கோலமாக வழங்கியுள்ளது. பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டிற் கற்களால் அமைத்த சதுரச் சுருள்வழி ஒன்று உள்ளது. சான் லேயார்டு 1937-இல் 'ஃபோக்லோர்' என்னும் ஆய்விதழில் தென்னிந்திய வாயிற் கோலங்களையும் பச்சைக் குத்தும் வடிவங்களையும் சுருள்வழிச் சடங்கோடு பொருத்தி ஆராய்ந்தார். அவர் கொண்ட முடிபுகள் யாவும் ஏற்கத்தக்கனவா என்பது வேறு வினா. ஈண்டு நோக்கத்தக்கது பெயர். தமிழ் மக்கள் இதனைப் புதிர் என்னாது கோட்டை என்றனர். எளிதில் உட்புகவொண்ணாத காப்பிடம் என்னும் பொருளே அவர்க்கு முதன்மையாகத் தோன்றிற்று.

சிறை, அணி, ஆடுகளம், சிற்பியர் நினைவு, கோட்டை என இங்ஙனம் பொருள்கள் பலவாயின. இவற்றுள் ஒன்றேனும் தனியொருவர் மன அமைதி நாடி மெல்ல நடத்தலைக் குறித்ததன்று என்பது கருத்திற் கொள்ளற்பாலது.

5. எருசலேம் வழி எனும் கூற்று

இந்நாளிற் சுருள்வழியைப் பற்றி எழுதுவோர் பலர், இடைக்காலக் கிறித்தவர் எருசலேமுக்குச் செல்ல இயலாதபோது அப்பயணத்திற்கு ஈடாகச் சார்த்தர்ச் சுருள்வழியை முழந்தாளிட்டோ நடந்தோ வலம் வந்தனர் எனக் கூறுவர். இக்கூற்று பெரிதும் பரவியுள்ளது, கேட்பதற்கும் இனிது. ஆயின், அவ்வாறு நிகழ்ந்தது எனக் கூறும் இடைக்காலச் சான்று இதுகாறும் காட்டப்படவில்லை. 'எருசலேம் வழி' என்னும் பெயர் மிகப் பிற்பட்ட எழுத்துகளிலேயே காணப்படுகிறது. இடைக்காலத்தார் இதனைத் 'தைதலசின் மனை' என்று வழங்கியமைக்கே சான்றுண்டு.

பிற்காலத்தார் இவ்வடிவத்தைப் போற்றியதும் இல்லை. ரீம்சு ஆலயத்துச் சுருள்வழி, சிறுவர் அதன்மேல் ஓடியாடி எழுப்பிய ஆரவாரம் வழிபாட்டிற்கு இடையூறாயிற்று என்று 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெயர்த்தெறியப்பட்டது. அமியானில் இருந்தது 19ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டு, அந்நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் பதிக்கப்பட்டது. சார்த்தரில் இருந்தது அழியாது தப்பியதாயினும், நெடுங்காலம் நாற்காலிகளின்கீழ் மறைந்து கிடந்தது. தொடர்ந்து வந்த ஆழ்நினைவு நடை மரபு ஒன்று இருந்திருப்பின், அஃது இத்துணை எளிதில் மறக்கப்பட்டிராது.

இவ்வுண்மையைக் கூறுதல் இக்கால நடையைப் பழித்தல் ஆகாது. ஒரு வழக்கம் நன்மை பயப்பதற்குப் பழமையாயிருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே பிழையானது. அவ்வெண்ணம் உள்ளவிடத்தே இல்லாத பழமை கற்பிக்கப்படும். கற்பித்த பழமை பொய்த்தவழி, உள்ள நன்மையும் ஐயுறப்படும். ஆதலின் பழமையையும் பயனையும் வேறு பிரித்து ஆராய்தலே இவ்வடிவத்திற்கு நாம் செய்யத்தக்க நீதியாகும்.

6. இருபதாம் நூற்றாண்டின் புது வழக்கு

அகநோக்கு நடையின் தோற்றம் அண்மையது. அதன் ஆண்டும் இடமும் தெளிவானவை. அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிசுகோ நகரக் கிரேசுப் பேராலயத்தில் குருத்துவப் பணியாற்றிய லாரன் ஆர்ட்ரசு 1991-இல் சார்த்தருக்குச் சென்று, நாற்காலிகளை அகற்றி அச்சுருள்வழியில் நடந்தார். மீண்டு வந்து, அவ்வடிவத்தைத் தடித்த துணியில் தீட்டுவித்து அவ்வாண்டின் இறுதியிலேயே தம் ஆலயத்தில் மக்கள் நடக்க விரித்தார். 1995-இல் ஆலய முற்றத்தில் நிலையான சுருள்வழி அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் எழுதிய நூலும் வெளிவந்தது. அவர் தோற்றுவித்த வெரிடிட்டாசு என்னும் அமைப்பு நடத்துநரைப் பயிற்றியது. 1998-இல் சுருள்வழிக் கழகம் ஒன்றும் நிறுவப்பட்டது. மே மாதத்து முதற் சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு அவ்வவ்விடத்தார் தத்தம் ஊரிற் சுருள்வழி நடக்கும் வழக்கம் இக்கழகத்தார் ஏற்படுத்தியதே.

ஆலயத்திலிருந்து இவ்வழக்கம் விரைவில் வெளியேறியது. சான் பிரான்சிசுகோவின் கலிபோர்னியா பசிபிக்கு மருத்துவ நிலையம் 1997-இல் தன் வளாகத்திற் சுருள்வழி அமைத்தது. சிகிச்சைக்குக் காத்திருப்போர், நோயாளரின் சுற்றத்தார், இரவுப் பணி முடித்த செவிலியர் முதலியோர்க்கு அஃது உதவும் என்பது கருத்து. எடின்பரோ பல்கலைக்கழகம் 2005-இலும் கென்ட்டுப் பல்கலைக்கழகம் 2008-இலும் தத்தம் வளாகத்திற் சுருள்வழி அமைத்தன. கல்வி நிலையங்களில் இதனைப் பயன்படுத்தும் முறைகளைத் தொகுத்து சான் செல்லர்சு, பெர்னார்டு மாசு ஆகிய இருவரும் பதிப்பித்த நூல் 2016-இல் வெளிவந்தது. சார்த்தர் ஆலயமும் இப்போது ஆண்டின் ஒரு பகுதியில் வெள்ளிக்கிழமைதோறும் நாற்காலிகளை அகற்றி நடப்பார்க்கு இடந்தருகிறது. பிறநாட்டில் எழுந்த புது வழக்கம் மூல இடத்தையே மாற்றியமைத்தது என்னலாம்.

ஆர்ட்ரசு இந்நடையை மூன்று பகுதியாக வகுத்தார். வாயிலிலிருந்து நடுவிடம் வரை விடுத்தல். நடுவிடத்தில் நின்று பெறுதல். அங்கிருந்து வாயில் வரை மீளுதல். தூய்மையுறுதல், ஒளிபெறுதல், ஒன்றுதல் என இடைக்காலக் கிறித்தவ ஞானியர் வகுத்த முப்படியோடு இதனை அவர் இயைத்தார். முப்படி பழையது, அதனைச் சுருள்வழியோடு இயைத்தது புதியது.

7. நடையும் மனமும்

இனி, இந்நடை மனத்தின்கண் யாது செய்கிறது என்பதனை வடிவத்திலிருந்தே காண்போம்.

முதலாவது, தேர்வின்மை. நாள்தோறும் நாம் செய்வன பலவும் இதுவோ அதுவோ எனத் துணிதலே. சாலையில் நடப்பார்க்கும் வண்டியும் பிறரும் திருப்பமும் கருத்தை இழுக்கும். சுருள்வழியில் துணிதற்குரியது ஒன்றுமில்லை. ஆயினும் வழி அடிக்கடி திரும்புதலின் காலடியை நோக்காது நடத்தலும் இயலாது. மனத்தை முற்றும் பற்றிக்கொள்ளாமலும் முற்றும் கைவிடாமலும் இருக்கும் இந்நடுநிலையே எண்ணங்கள் தாமே தெளிதற்கு ஏற்ற நிலை. அமர்ந்து கண்மூடித் தியானித்தல் இயலாதார் பலர்க்கு இந்நடை எளிதாவது இதனாலேயே.

இரண்டாவது, அணிமை சேய்மைகளின் மயக்கம். ஏழாம் சுற்றில் நடுவிடத்தை ஒட்டிச் சென்றவர் மீண்டும் விலகும்போது, எய்திவிட்டேம் என்னும் எண்ணம் கலைகிறது. விலகிவிட்டேம் என்று சலிக்கும் வேளையில் நடுவிடம் திடீரெனத் திறக்கிறது. கண்ணுக்குத் தோன்றும் தொலைவு செல்லவேண்டிய தொலைவன்று என்பதனை உடம்பே உணர்ந்துகொள்கிறது. நோயுற்றுத் தேறுவாரும் துயருற்று ஆறுவாரும் தம் நிலையை இந்நடையில் அடையாளம் கண்டுகொள்ளுதல் வியப்பன்று. எவரும் சொல்லாமலே அவ்வடிவம் அதனைச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, எல்லையும் மீட்சியும். வழி நெடிதாயினும் இடம் சிறிது, அச்சத்திற்கு இடமில்லை. பலர் ஒருங்கே நடக்குங்கால், எதிர்ப்படுவார் முன்சென்றவரோ பின்வந்தவரோ என அறிதல் அரிது. ஆதலின் முந்துதலும் பிந்துதலும் பொருளற்றுப் போகின்றன. நடுவிடத்தோடு நடை முடிவதில்லை. வந்த வழியே மீண்டும் நடந்து வாயிலை அடைதல் வேண்டும். தனிமையிற் பெற்ற தெளிவை அன்றாட வாழ்விற்குக் கொண்டு வருதல் என்னும் பகுதி வடிவத்திலேயே அமைந்துள்ளது.

நடக்க இயலாதார்க்கும் வழியுண்டு. இத்தாலி நாட்டு உலூக்கா நகர ஆலயத்தின் முகமண்டபத் தூணில், விரலால் தடவிச் செல்லத்தக்க சிறு சுருள்வழி இடைக்காலத்திலேயே செதுக்கப்பட்டுள்ளது. அதனையொத்த மரப்பலகைகள் இன்று படுக்கையில் உள்ள நோயாளர்க்கும் பயன்படுகின்றன.

8. சான்றின் அளவு

இவ்வாறு வடிவத்திலிருந்து உய்த்துணரப்படுவது ஒன்று. ஆய்வால் நிறுவப்படுவது வேறொன்று. சுருள்வழி நடந்தார் அமைதியும் தெளிவும் பெற்றதாகக் கூறுவன பல. அவை பெரும்பாலும் சிறு குழுவினரிடம் நடைக்குப்பின் வினவிப் பெற்ற விடைகள். விரும்பி வந்தோரிடமே வினவுதலின், விரும்பாதார் நிலை அவற்றால் விளங்காது.

மேலும், பயன் சுருள்வழிக்கு உரியதா, நடத்தலுக்கு உரியதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. மரிலி ஒப்பெசோ, தானியல் சுவார்ட்சு என்னும் இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, அமர்ந்திருப்பாரினும் நடப்பார்க்குப் புதுக் கருத்துகள் மிகுதியாகத் தோன்றுதலைக் காட்டியது. வெறுஞ்சுவரை நோக்கி நடைப்பொறிமேல் நடந்தவர்க்கும் அப்பயன் விளைந்தது. சுருளும் இல்லை; நடுவிடமும் இல்லை; நடை மட்டுமே உண்டு. ஆதலிற் சுருள்வழியின் பயனுள் ஒரு பகுதி எந்நடைக்கும் பொதுவானதாதல் வேண்டும்.

எர்பர்ட்டு பென்சன், உடல் தளர்ந்து ஓய்வுறும் நிலையை எய்துதற்கு இரண்டு வேண்டும் என்றார். ஒன்று, ஒரு சொல்லையோ செயலையோ மீண்டும் மீண்டும் நிகழ்த்தல். மற்றொன்று, இடையே தோன்றும் எண்ணங்களோடு போராடாது விட்டுவிடல். ஒரே சீரான அடிவைப்பும் துணிதற்கு ஒன்றுமின்மையும் உடைய சுருள்வழி இவ்விரண்டற்கும் இடந்தருகிறது. ஆயினும் இஃது ஒப்புமையால் எழும் துணிபே. தொழுகையும் மூச்சுப் பயிற்சியும் செபமாலையும் இவ்விடத்திற்கே கொண்டு செல்வனவாம்.

இவற்றாற் பெறப்படுவது, சுருள்வழி மருந்தன்று. மருந்திற்கு மாற்றும் அன்று. தலைச்சுற்று உடையார்க்கு அடிக்கடி திரும்பும் வழி தொல்லை தருதலும், புதிய துயருடையார்க்கு அமைதிக்கு மாறாக அழுகை பெருகுதலும் கூடும். ஆதலின் அருகே ஒருவர் இருத்தல் நன்று. இத்துணையளவு கூறி நிறுத்துதல் அதன் சிறப்பைக் குறைப்பதாகாது. ஏறத்தாழ ஏழு மீட்டர் அகலமுள்ள வெறுந்தரையும், கற்களோ சுண்ணாம்போ கயிறோ கிடைக்குமாயின், முற்கூறிய பதினாறு முனை முறையால் எவரும் இதனை அமைத்துக்கொள்ளலாம். கட்டணமும் கருவியும் ஆசானும் வேண்டாத ஓர் அமைதியிடம் என்பதே இதன் உண்மையான உயர்வு.

முடிவுரை

மூவாயிரம் ஆண்டுகட்கு மேலாக ஒரு வடிவம் மாறாது நிற்க, அதனைச் சூழ்ந்த பொருள் மாறிக்கொண்டே வந்துள்ளது. கணக்கெழுதி அலுத்த பைலோசு எழுத்தர்க்கு அது கைப்போக்கான கீறலாயிருந்திருக்கலாம். ஓசேர்க் குருமார்க்கு உயிர்த்தெழுதலின் ஆடல். தமிழ் மகளிர்க்கு வாயிலிலிட்ட கோட்டை. இக்கால மருத்துவமனையிற் காத்திருப்பார்க்கு மனம் ஆறும் நடை. இவற்றுள் இறுதியது முப்பது ஆண்டுகட்குச் சற்று மேற்பட்ட பழமையே உடையது. அஃது அதன் குறையன்று. துணிதலாற் சோர்ந்த ஒரு காலம், துணிதல் வேண்டாத ஒரு வழியைப் பழம்பொருள்களிடையே கண்டெடுத்துத் தனக்கு வேண்டிய பொருளைத் தானே அளித்துக்கொண்டது என்று கொள்வதே வரலாற்றோடு பொருந்தும்.

இக்காரணத்தாலேயே பெயரும் திருத்தம் பெறல் வேண்டும். கிளைத்துத் திகைப்பிப்பதனைப் புதிர்வழி என்றும், ஒன்றாய்ச் சென்று சேர்ப்பதனைச் சுருள்வழி என்றும் வேறு பிரித்து வழங்குதல் தமிழாய்வாளர் கடன். புதிர் என்று கேட்டவர் விடை தேடி உட்புகுவர். விடுத்தற்குரிய விடை யாதும் அங்கில்லை. வழி என்று கேட்டவர் நடப்பர். நடந்தார்க்கே அது தன் பயனைத் தரும்.